ஆச்சியின் புறங்கை

சுக்கும் நல்லமிளகும் கருப்பட்டியும் சேர்ந்து கொதிக்கிற வாடை எங்கிருந்து வந்தாலும், எனக்குக் கல்லிடைக்குறிச்சி வீட்டுத் தார்சாவில் கிடந்த நார்க்கட்டில்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஏழோ எட்டோ வயது. ஐப்பசி அடைமழை. வெயில் இல்லாவிட்டால் அப்பளம் காயாது என்பதால் தெருவில் மாவு இடிக்கிற உலக்கைச் சத்தம் நின்றுபோயிருந்தது. கட்டிலில் கிடந்த என் காதில் விழுந்ததெல்லாம் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், ஆச்சி வெற்றிலை இடிக்கிற சின்ன உரலின் டொக் டொக்கும்தான்.

ஆச்சி காய்ச்சலைப் பார்க்கிற விதமே தனி. நெற்றியைத் தொட்டுப் பார்த்ததோடு விடமாட்டாள். புறங்கையைக் கழுத்தில் வைப்பாள், சட்டைக்குள் விட்டு வயிற்றில் வைப்பாள், கடைசியில் கால்மாட்டுக்குப் போய் உள்ளங்காலைப் பிடித்துப் பார்ப்பாள். உடம்பு கொதித்துக் கால் மட்டும் சில்லென்று இருந்தால், “இன்னும் ஏறும்” என்பாள். நடுங்குகிற அந்த நேரத்துக்கு மட்டும் தன்னுடைய பழைய நூல்சேலையை மடித்துப் போர்த்துவாள்; காலும் சுட ஆரம்பித்ததும் உருவிவிடுவாள். கம்பளியைப் போட்டு மூடினால் வேர்த்து இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மை சொல்லிக்கொண்டே இருப்பாள். “சூட்டைப் பொத்தி வச்சா அது எங்கன போவும்?” என்பாள் ஆச்சி. துணியை நனைத்துத் துடைப்பதற்கும் கிணற்றுத் தண்ணீரை எடுக்க விடமாட்டாள். வெதுவெதுவென்று விளாவிய வெந்நீர்தான்.

தெர்மாமீட்டர் எதிர்வீட்டு டீச்சர் அக்காவிடம் இருந்தது. அக்கா மணிக்கட்டைச் சுண்டி அதை உதறுவதும், அக்குளில் சொருகிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதும், பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிக் குச்சியை உருட்டி உருட்டிப் பாதரசக் கோட்டைத் தேடுவதும் எனக்குப் பூசை மாதிரி இருக்கும். 98.4இல் சின்னதாக ஒரு சிவப்புக் குறி. கோடு அதைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வேன். நம்பர் பெரிதாக வந்தால் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து பன் வாங்கி வருவார். மேலே பளபளவென்று, பிய்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும் அந்தப் பன் காய்ச்சல்காரனுக்கு மட்டும்தான்.

ஆச்சி அந்த நம்பரைக் காதில் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அவளுடைய கணக்கு வேறு. நொய்க்கஞ்சி எத்தனை கரண்டி இறங்கியது, சுட்ட அப்பளத்தைக் கேட்டு வாங்கினானா, தங்கச்சி பம்பரத்தைத் தொட்டதற்குச் சண்டை போட்டானா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம், தெருவுக்கே கேட்கிற குரலில், “ஏல, ஒண்ணுக்குப் போனியா?” டீச்சர் அக்கா முன்னால் கேட்டுவிட்டால் நான் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அக்கா 99 என்றாள். அம்மா திருநீறு பூசிவிட்டு, தலைக்குத் தண்ணீர் விடுவதற்கு நாள் பார்க்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அப்பா பன்னோடு வந்தார். நான் வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். மத்தியானத்திலிருந்து குடித்த கஞ்சித் தண்ணியெல்லாம் வாந்தியாக வந்துகொண்டிருந்தது. வயிறு வலித்தது, கண்ணைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. ஆச்சி வந்து கழுத்தில் புறங்கையை வைத்தாள். உதட்டை விரலால் விலக்கி நாக்கைப் பார்த்தாள். அன்றைக்கு உரல் சத்தமே கேட்கவில்லை.

“காய்ச்சல்தான் விட்டுட்டே” என்றாள் அம்மா.

“காய்ச்சல் விட்டுட்டு, பிள்ளை தெளியலையே. காலைல போனவன் இன்னும் ஒண்ணுக்குப் போவல. விடியட்டும்னு இருக்காத. இப்பமே கிளம்பு.”

அப்பா சைக்கிளை மிதிக்க, அம்மா கேரியரில் என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தாமிரபரணிப் பாலத்தில் ஏறியதும் ஈரக்காற்று முகத்தில் அடித்ததும், கீழே இருட்டில் ஆறு இரைந்ததும், அம்மா சேலையில் ஒட்டியிருந்த தாளிப்பு வாடையும் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் துண்டு துண்டுதான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டது: “கடைசியா எப்ப யூரின் போனான்?” அம்மா யோசிக்காமல் சொன்னாள், “காலைல ஆறு மணிக்கு. அதுவும் கொஞ்சம்போல, மஞ்சளா.” அது ஆச்சி சொல்லி அனுப்பியது. கையில் ஊசி ஏறியது. குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது.

வெகுகாலம் கழித்து, டெங்கு பரவிய ஒரு மழைக்காலத்தில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, டாக்டர் அவளை எடை போட்டுப் பார்த்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் பாராசிட்டமால் எழுதிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “காய்ச்சல் இறங்கினதும் நிம்மதியாகிடாதீங்க. டெங்குவுல அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்து. விடாம வயிறு வலிக்குது, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், சோர்ந்து கிடக்கா, ஆறு மணி நேரமா யூரின் போகலைன்னா, ராத்திரின்னு பாக்காம கூட்டிட்டு வாங்க.” மூன்று மாதம் நிறையாத பச்சைப்பிள்ளையென்றால் 100.4 வந்தாலே காத்திருக்கக் கூடாது என்றும், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயில் எதையும் திணிக்காமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அந்தத் தார்சாவும், நான் தொடாமல் வைத்த பன்னும் கண்முன்னே வந்து நின்றன. அன்றைக்கு எனக்கு வந்தது என்ன காய்ச்சல் என்று யாரும் பேர் சொல்லவில்லை. பேர் தெரியாமலே ஆச்சி சரியான நேரத்தில் என்னைக் கிளப்பியிருக்கிறாள். அன்று ராத்திரி மகளை மூன்று தடவை எழுப்பிக் கேட்டேன். அவள் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டாள்.

எனக்குக் குளுக்கோஸ் ஏற்றிய அந்த ராத்திரிக்கு மறுநாள், காலை முதல் பஸ்ஸில் ஆச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். ஒரு கையில் கஞ்சித் தூக்குவாளி, இடுப்பில் சுருக்குப்பை. கட்டில் பக்கம் வந்து கழுத்து, வயிறு, உள்ளங்கால் என்று வரிசையாகப் பார்த்தாள். நான் கண்ணைத் திறந்து, “ஆச்சி, அந்தப் பன்னைத் தங்கச்சி தின்னுட்டாளா?” என்று கேட்டேன்.

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். வராந்தாவில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு வெற்றிலையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.