அம்மாவுக்கு என்ன வயசு

"வயசு என்னம்மா?" என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தது. ரேசன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் வேறொன்று. அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். "எம்.ஜி.ஆர். ஊருக்கு வராமலே ஆண்டிபட்டியில ஜெயிச்சாருல்ல, அப்ப இவன் வயித்துல." அது 1984. அவர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த ஒரு உயிருக்காக ஊரெல்லாம் நேர்ந்துகொண்டார்கள், எங்கள் தெருவிலும்தான். சீட்டில் அறுபது என்று அவராகவே போட்டுக்கொண்டார்.

அய்யா கேதத்துக்குத் தப்படித்தவர். ஊரில் யார் செத்தாலும் சேதி சொல்லப் போவதும் அவர்தான். ராத்திரி, மழை என்று சொல்ல முடியாது. நான் படித்த பிறகு சண்டை போட்டுத் தப்பை இறக்கிவைக்கச் செய்தேன். காது மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் நடுச்சாமத்தில் அம்மா மூச்சு வாங்கி எந்திரிச்சு உட்கார்ந்தபோது, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அடி சீரா இல்லடா, விட்டு விட்டு விழுகுது" என்றார். இ.சி.ஜி. எடுத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"சின்னப் பிள்ளையில தொண்டவலி, காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்குச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். வீங்கியிருக்கிறது. கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில், ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த காலத்தில். பாட்டி சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்ததாம். தொண்டைப் புண்ணை அன்றைக்கே ஆற்றியிருந்தால் இருதய வால்வு கெட்டிருக்காது. காய்ச்சல் வந்த பிறகும்கூட, மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டு வந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஊசி அப்போதே இருந்தது. லயத்துக்குத்தான் வரவில்லை. நெருக்கியடித்து வாழ்கிற ஏழைகளைத் தேடி வருகிற வியாதி இது. கல்யாணமாகிக் கீழே வந்த பிறகும் அம்மா விடியுமுன்னே ஜீப்பில் தொங்கிக்கொண்டு அதே மலைக்குத்தான் களையெடுக்கப் போனது.

இந்தியாவில் தலித் பெண்கள் சாகிற சராசரி வயது, மேல்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டு குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. நிமிசத்துக்கு 72 அடி என்று வைத்தால், சுமார் 55 கோடி அடி. பஸ்ஸில் திரும்பும்போது இந்தக் கணக்கைப் போட்டேன். வேறென்ன செய்ய?

"எம்புட்டு நாளைக்கு இருப்பேன்னு சொன்னாக?"

"அது யாருக்கும் தெரியாதும்மா."

"தோட்டத்து மொதலாளிக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்பச் சரி."

சின்னமனூர் தாண்டியதும், திங்கக்கிழமையிலிருந்து வருவதாக ஜீப்காரரிடம் சொல்லிவிடச் சொன்னது.