நான் இறங்காத படிகள்

ஏழெட்டு வருஷங்களுக்கு முன் ஒரு மாத இதழில் அலெக்சாந்திரியா பற்றிப் பயணக் கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் மெச்சியது ஒரே ஒரு பத்தியை. கோம் எல் ஷுகாஃபா என்ற பாதாளக் கல்லறைக்குள் நான் இறங்கிப் போன பத்தி அது. அந்தப் பத்தி பொய். நான் இறங்கவில்லை.

மற்றதெல்லாம் உண்மைதான். கடலோரச் சாலையில் கால் ஓயும் வரை நடந்தேன். பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 1477-ல் கட்டத் தொடங்கிய கைத்பே கோட்டையில் ஏறி உப்புக் காற்று வாங்கினேன். 2002-ல் திறந்த புது நூலகத்தின் கிரானைட் சுவரில் உலகத்தின் பற்பல எழுத்துகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் நம் எழுத்து தென்படுமா என்று கழுத்து வலிக்க அண்ணாந்து தேடினேன். முசிறியில் ஏற்றிய மிளகு இந்தத் துறைமுகம் வழியாகத்தான் ரோமாபுரிக்குப் போனது என்று இரண்டு வரி பெருமையும் அடித்துக்கொண்டேன். கல்லறைக்குப் பக்கத்திலேயே ஒரு பிரம்மாண்டமான கல்தூண். பாம்பியின் தூண் என்கிறார்கள். ரோமாபுரித் தளபதி பாம்பிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. டயோக்ளிஷியன் பேரரசருக்காக நிறுத்தியது. இந்தப் பொய்ப் பெயரைக் கட்டுரையில் அரிச்சந்திரன் மாதிரி அம்பலப்படுத்தியவனும் நான்தான்.

கல்லறை வெளிச்சத்துக்கு வந்தது 1900-ல். ஒரு கழுதை நடந்துபோகையில் தரை உள்வாங்கி, அது குழிக்குள் விழுந்ததாம். கிணறு போன்ற பள்ளம், அதைச் சுற்றிச் சுற்றி இறங்கும் படிகள். அந்தக் காலத்தில் பிணங்களைக் கயிறு கட்டி அந்தப் பள்ளத்தின் வழியாக இறக்குவார்களாம். முதல் வளைவு வரை போனேன். கீழே இருட்டு. நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு மூடிய இடம் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது. லிஃப்டில் ஏறமாட்டேன், கேட்டால் நடப்பது உடம்புக்கு நல்லது என்பேன். அன்றைக்கு மனைவியிடம், "முழங்கால் பிடிக்குது, நீ மட்டும் போய்ட்டு வா" என்றேன்.

அவள் இறங்கினாள். நான் முற்றத்தில் கிடந்த கல் சவப்பெட்டிகளுக்கு நடுவே நிழல் பார்த்து உட்கார்ந்தேன். வாசல் காவலர் கண்ணாடிக் குவளையில் பால் விடாத தேநீர் கொடுத்தார்; பாதி சர்க்கரை. படிகளைக் காட்டினார், என் முகத்தைப் பார்த்தார், "மாலேஷ்" என்று சிரித்தார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். அந்தப் பயணத்தில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான். கட்டுரையில் அவருக்கு இடமில்லை.

ராத்திரி விடுதியில் மனைவியை வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்தேன். நாய்த்தலைக் கடவுள் அனுபிஸ் ரோமாபுரிச் சிப்பாயின் உடுப்பில் நிற்பதும், தாடி வைத்த பாம்புகளும், செத்தவர்களைப் பார்க்க வரும் உறவுக்காரர்கள் சாய்ந்து சாப்பிட்ட கல் திண்ணைகளும் அவள் கண்ணில் பட்டவை. கொண்டுவந்த பாண்டங்களை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே உடைத்துவிடுவார்களாம். அதனால்தான் அந்த இடத்துக்கு ஓட்டாஞ்சில்லு மேடு என்று பெயர். "நம்ம ஊர்லயும் கொள்ளி வைக்கறப்போ பானைய உடைக்கிறோமே" என்றாள். அந்த வாக்கியத்தையும் நானே அங்கே நின்று யோசித்ததாக எழுதினேன். படிகள் தொண்ணூற்றொன்பது என்பது வழிகாட்டிப் புத்தகத்தில் எடுத்தது. "எண்ணிக்கொண்டே இறங்கினேன்" என்பது என் சொந்தச் சரக்கு.

இதழ் வந்ததும் மனைவி படித்தாள். "சில்லுனு காத்து முகத்துல அடிச்சுதா? எனக்குப் புழுங்கித் தள்ளுச்சு. கீழ தண்ணி நின்னு செருப்பே நனைஞ்சுபோச்சு." அவ்வளவுதான் சொன்னாள். பானையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பிறகு ஒரு கடிதம். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் கெய்ரோவில் வேலை பார்க்கிறான், அடுத்த மாதம் போகிறோம், எனக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், அந்தப் படிகளில் இறங்கி ஏற முடியுமா, தாங்கள் போய் வந்தவராயிற்றே என்று கேட்டிருந்தார். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து அழகான கையெழுத்தில் பதில் எழுதினேன்: எனக்கும் முழங்கால் தொந்தரவு உண்டு, நிதானமாக இறங்கினால் சிரமமே இல்லை.

தபாலில் போடச் சொல்லி, உறையை ஒட்டாமலேயே மனைவியிடம் கொடுத்தேன். படித்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.