தோளின் கணக்கு

பயணப் பைகளை விற்பவர்கள் அவற்றின் கொள்ளளவை லீற்றரில் சொல்வார்கள். நாற்பது லீற்றர், அறுபது லீற்றர், நூறு லீற்றர் என்று அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். சுமப்பவரின் தோள் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்ற கணக்கு எந்தப் பையிலும் அச்சிடப்படுவதில்லை. படைவீரருக்கும் இடம்பெயர்ந்தவருக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டென்றால், அது இந்த இரண்டாவது கணக்குத்தான்.

கனடாவில் பிறந்து வளர்ந்த என் மருமகன் ஒருவர், அந்நாட்டு இராணுவத்தின் துணைப் படையில் பகுதிநேரமாகப் பயிற்சி பெறுபவர். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி இணுவிலுக்கு வந்திருந்தபோது 'கம்பிரஷன் சாக்' எனப்படும் பை ஒன்றை எங்களுக்குக் காட்டினார். தமிழில் அமுக்குப் பை என்று சொல்லலாம். தலையணை போல் உப்பியிருந்த தூக்கப் பையை அதனுள் திணித்து, நான்கு பக்கத்து நைலோன் பட்டிகளையும் மாறி மாறி இழுத்தார். பெரிய பூசணிக்காய் அளவு இருந்தது, உரித்த தேங்காய் இரண்டு சேர்ந்த அளவுக்கு ஒடுங்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்துத்தானே மோனை போனது, பாரம் போகேல்லையே?"

அமுக்குப் பையின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொல்லியிருக்காது. பட்டி இழுக்க இழுக்க வெளியேறுவது இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று மட்டுமே. எனவே காற்றை அதிகம் அடக்கிவைத்திருக்கும் பொருளுக்கே அது பயன்படும். தூக்கப் பை, கம்பளிச் சட்டை, குளிர் அங்கி ஆகியவை சுருங்கும். அரிசி சுருங்காது, தகரப் பேணி சுருங்காது, கடதாசியும் சுருங்காது.

அமுக்குவதற்கும் ஒரு பதம் உண்டு என்பதை இணுவில்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது புகையிலை விளைந்த ஊர். முறுகக் காய்ந்த இலையை அமுக்கினால் நொறுங்கிவிடும். இலை சற்றே ஈரப்பதம் ஏறி இளகிய பின்னர்தான் அடுக்கி, இறுக்கி, சிப்பமாகக் கட்டுவார்கள். தூக்கப் பைக்கும் இதே நியாயம் பொருந்தும். பறவையின் மென்சிறகு அடைத்ததை மாதக்கணக்கில் இறுக்கியே வைத்தால் மீண்டும் உப்பும் திறனை இழக்கும். நனைந்தால் குளிரையும் காக்காது. செயற்கை இழை அடைத்தது பாரம் கூடியது. எனினும் ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். பட்டியை முடிந்தமட்டும் இழுத்துக் கல்லுப் போல் ஆக்குவதும் புத்தியன்று. உருண்டையான பொதி முதுகுப் பையின் மூலைகளில் வெற்றிடத்தை விட்டுவிடும். சிறிது தளர்வாக விட்டால் அது மூலைகளில் பரவி அமரும். பட்டி தைத்த ஊசித் துளைகளினூடாக மழைநீர் கசியும் என்பதால், வாயை மூன்று தரம் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை ஒன்று தனியே தேவை.

இவையெல்லாம் மருமகனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. அவர் எனக்குப் புதிதாகச் சொன்னது படையினரின் 'மூன்று வரிசை' முறை. உயிர் தப்ப வேண்டியவை உடையின் பைகளில் இருக்கும். இது முதல் வரிசை. சண்டைக்கும் ஒரு நாள் பிழைப்புக்கும் வேண்டிய வெடிபொருள், தண்ணீர், உணவு ஆகியன இடுப்புப் பட்டியில் இருக்கும், இது இரண்டாவது. தூக்கப் பையும் மாற்றுடையும் மற்றவையும் முதுகுப் பொதியில் இருக்கும், இது மூன்றாவது. ஆபத்து வந்தால் முதுகுப் பொதியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட வேண்டும். எறிந்த பின்னும் உயிர் வாழ முடிய வேண்டும். பொதி கட்டும் கலை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

அவர் சொல்லி முடித்தபோது என் நினைவு 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிக்குப் போயிற்று. 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை 17ஆம் திகதி தொடங்கியிருந்தது. அன்று மாலை, வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். மழையும் பெய்தது. சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு அன்று ஓர் இரவு போதவில்லை.

எங்கள் வீட்டில் அமுக்குப் பை இருக்கவில்லை. யூரியாப் பை இருந்தது. 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடையால் யூரியா வருவது நின்றுபோயிற்று. பழைய பைகள் மட்டும் வீடுகளில் தங்கியிருந்தன. வெளியே பின்னிய பிளாஸ்ரிக் இழை, உள்ளே மெல்லிய பொலித்தீன் உறை. வாயை முறுக்கிக் கட்டினால் மழை புகாது. சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிக் கரியரில் வரிந்தால் பொதி பாதியாக ஒடுங்கும். அழகான சூட்கேஸ்களைவிட அன்று அதுவே பயன்பட்டது. சூட்கேஸ் ஒரு கையைப் பறித்துக்கொள்ளும். குழந்தையைப் பிடிக்கவோ சைக்கிளை உருட்டவோ அந்தக் கை தேவைப்படும். விடிந்தபோது வீதியோரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றுள் சூட்கேஸ்கள் பலவற்றைக் கண்டேன். தையல் இயந்திரத்தையும் கண்டேன்.

என் தாயாரோ எதையும் எறியவில்லை. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினரின் காலத்தில் ஒருமுறை வீட்டை விட்டு ஓடிய பின்னர், இடுப்பில் கட்டும் துணிப்பை ஒன்றைத் தைத்து வைத்திருந்தார். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், இரண்டு காப்பு, சொப்பிங் பையில் சுற்றிய ஒரு தீப்பெட்டி. அவ்வளவுதான். படையினரின் முதல் வரிசையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து நான்கு ஆண்டுகளில் சேர்த்த குறிப்பேடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை வைத்துவிட்டு அரிசியை ஏற்றினேன். அந்த இரவில் அதைத் தவிர வேறு முடிவு இருந்திருக்க முடியாது. 1996இல் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, பெட்டி இருக்கவில்லை.

பாரம் பற்றிய இந்த விவாதம் படைகளுக்குள்ளும் பழையது. எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கர் 1950இல் படைவீரரின் சுமையைப் பற்றித் தனிநூலே எழுதினார். அளவுக்கு மிஞ்சிய சுமை உடலை மட்டுமன்றித் துணிவையும் தேய்த்துவிடும் என்பது அவர் வாதம். அமெரிக்க இராணுவத்தின் 1990ஆம் ஆண்டு நடைப்பயணக் கையேடு, சண்டைச் சுமை சுமார் 22 கிலோவையும், நீண்ட நடைக்கான சுமை சுமார் 33 கிலோவையும் மிஞ்சலாகாது என்றது. ஆயினும் போர்க்களத்தில் வீரர்கள் அதைவிட மிகுதியாகச் சுமந்தார்கள். பை பெரிதானால் மனிதர் அதை நிரப்பாமல் விடுவதில்லை. அமுக்குப் பையின் உண்மையான ஆபத்தும் இதுவே. மிச்சப்படுத்திய இடம் வெறுமையாக இருப்பதில்லை. அதற்குள் இன்னும் ஐந்து கிலோ ஏறிவிடும்.

எந்தப் பையை வாங்கலாம் என்று மருமகன் கேட்டபோது, பெரிய பை ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மேல் என்றேன். அமுக்குப் பையைத் தூக்கப் பைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படியும், உருமறைப்பு நிறத்தைப் பயிற்சி முகாமோடு நிறுத்திக்கொள்ளும்படியும் சொன்னேன். அந்த நிறத்துப் பையோடு ஒருவர் படலையைத் திறந்தால் எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றும் ஒரு கணம் நின்றுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கட்டிய பின்னர், பொதியைச் சுமந்துகொண்டு இணுவிலிலிருந்து மருதனார்மடம் வரை ஒருமுறை நடந்து பார்க்கச் சொன்னேன். வீட்டுக்குள் தூக்கிப் பார்த்து எந்தப் பொதியையும் மதிப்பிட முடியாது. போய்த் திரும்பியவர், ஒரு சொல்லும் பேசாமல் பையை அவிழ்த்து மூன்று பொருட்களை வெளியே எடுத்து வைத்தார்.

2004இல் கடற்கோள் வந்தது. 2008இல் 'நிஷா' புயலின் வெள்ளம் குடாநாட்டை மூடியது. ஓடுவதற்குப் போர்தான் வேண்டும் என்பதில்லை. தாயாரின் துணிப்பை இன்றும் அலுமாரியின் உள் ஆணியில் தொங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உறுதியை வெளியே எடுத்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்து, வெயிலில் சற்றே காட்டி, மீண்டும் மடித்து வைக்கிறார். 2009க்குப் பின்னர் பிறந்த பேரப்பிள்ளைகள் அது என்ன பை என்று கேட்கிறார்கள். கடைக்குப் போகும் பை என்று சொல்லிவைத்திருக்கிறார்.