சென்னைக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்கள்: கும்மிடிப்பூண்டி வழியில் ஒரு பயணம்

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், எண்ணூருக்கு அப்பால் ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் மாறினாலும் தென்னைகளுக்கு மேலே ஊருக்கு ஊர் ஒரு மேல்நிலைத் தொட்டி நிற்கும். தொட்டி எல்லா ஊரிலும் உண்டு. அதற்குள் ஏறும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்த வட்டாரத்தின் கதையே இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டம் சென்னையின் தண்ணீர்ப் பானை. புழல், சோழவரம் ஏரிகள் இங்கேதான் இருக்கின்றன. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்ட முனைந்தவர் அன்றைய சென்னை மேயர் சத்தியமூர்த்தி. 1944-ல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். இன்று அது அவர் பெயரில் சத்தியமூர்த்தி சாகர். பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டும் நகரத்துக்கு நீர் எடுத்தார்கள்.

பருப்பு வேகாத தண்ணீர்

ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் காலம் காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணல்தான் இந்த மண்ணுக்கு அடியில் நீரைத் தேக்கி வைத்திருந்தது. நகரம், விவசாயம், தொழிற்சாலை என்று எல்லோரும் அதை உறிஞ்ச, நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. காலியான இடத்துக்குக் கடல் வந்தது. மீஞ்சூர் பக்கம் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

உப்பேறிய தண்ணீரைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், அடுப்பங்கரையே சொல்லிவிடும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ ருசிக்காது. பெரிய ஊர் என்றால் வேறு இடம் பார்த்து இன்னொரு போர் போடும். நூறு, நூற்றைம்பது வீடுகள் உள்ள குக்கிராமம் என்ன செய்யும்? ஒரே போர், ஒரே மோட்டார். மோட்டார் காயில் எரிந்தால் பழுது பார்க்கும்வரை குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் கடலை நெருங்க நெருங்க, எத்தனை ஆழம் தோண்டினாலும் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

கும்மிடிப்பூண்டியில் சிக்கல் வேறு மாதிரி. சிப்காட் ஆலைகளை நம்பி வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் சுற்றுப்புற ஊர்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஊரின் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆனால் தாகம் எல்லோருக்கும் உண்டு. பழைய கணக்கில் கட்டிய தொட்டி எப்படிப் போதும்?

தனியாக முடியாதது

இதற்குத் தமிழ்நாடு கண்ட வழி கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஒவ்வோர் ஊரும் தனித்தனியாக போர் போட்டுத் தோற்பதைவிட, நல்ல நீராதாரம் ஒன்றைப் பிடித்து, ஒரே இடத்தில் சுத்திகரித்து, பெரிய குழாயில் பல ஊர்த் தொட்டிகளுக்கும் அனுப்புவது. 1971-ல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இந்த வேலையைச் செய்கிறது.

ஒகேனக்கல் திட்டம் இதற்குப் பெரிய உதாரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லைக் கறையாக்கும், எலும்பையும் வளைக்கும். 1,928.80 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு காவிரி நீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுசென்ற திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. எந்த ஒரு ஊராட்சியும் தன் வீட்டு வரி வசூலில் இதைக் கனவுகூடக் காண முடியாது.

2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு தினம் 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். ஊருக்குள் போடும் குழாய், தொட்டிச் செலவில் 10 சதவீதத்தை மக்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும். பட்டியலின, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில் இது 5 சதவீதம்தான்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. பணக்கார கலிஃபோர்னியாவிலும் சின்னஞ்சிறு ஊர்களின் கிணறுகள் கெட்டுப்போயின. பக்கத்துப் பெரிய ஊரின் குழாயோடு அவற்றை இணைப்பது போன்ற பணிகளுக்காக ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை ஒதுக்கும் சட்டத்தை அந்த மாநிலம் 2019-ல் இயற்றியது.

கடைசி வீட்டுக் குழாய்

கூட்டுக் குழாயிலும் குறை உண்டு. நடுவழியில் குழாய் உடைந்தால் பத்து ஊருக்கும் ஒரே நாளில் தண்ணீர் நிற்கும். முதல் ஊரில் பீறிட்டு வருவது கடைசி ஊரில் சொட்டும். வழியில் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் அதுவும் வராது. அரசுப் பணம் குழாயைப் பதித்துவிடும். வால்வை நேரத்துக்குத் திறந்து, தொட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, கடைசி வீடுவரை தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது ஊரின் பொறுப்பு. வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது என்று சொந்தக் குளத்தைத் தூர்ந்துபோக விட்டால், குழாய் நிற்கும் நாளில் கைகொடுக்க எதுவும் இருக்காது.

பயணத்தைக் கும்மிடிப்பூண்டி வட்டத்தின் தேர்வாய்கண்டிகையில் முடிக்கலாம். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 380 கோடி ரூபாயில் உருவாக்கிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. ஐம்பது கோடி கன அடி கொள்ளளவு. கிருஷ்ணா நீரும் மழைநீரும் நிறைந்து நிற்கும்போது கரையில் நின்றால் மனசு குளிரும். அதுவும் சென்னையின் தாகத்துக்காகக் கட்டியதுதான்.

அதனால்தான் இந்தப் பக்கத்து குக்கிராமங்கள் கூட்டுக் குழாய் கேட்பதைச் சலுகை என்று சொல்ல முடியாது. தலைமுறைகளாக நகரத்துக்குக் கொடுத்த மண், தன் பங்கைக் கேட்கிறது. கேட்பதற்கான இடமும் இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ல் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்காரர் அன்று எழுந்து, "எங்க வீட்டுக் குழாயில எப்ப தண்ணி வரும்?" என்று கேட்க வேண்டும்.