ஷவர்ச் சத்தமும் சுவரும்

"அண்ணை, ஷவர் இரையுது, புதுசொண்டு போட்டுத் தாங்கோ." எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். லண்டன் வீடுகளில் மின் ஷவர் பொருத்துவதும் திருத்துவதும் என் தொழில். பெட்டியை மாற்றினால் எனக்கு வருமானம் கூட. ஆனால் பெட்டி எழுப்பும் அதிர்வு பெரும்பாலும் சிறியது. அதை வீடு முழுக்கக் கேட்கச் செய்வது சுவரும் குழாயும்தான்.

ஆகவே மூடியைக் கழற்றுமுன் ஷவரை ஓடவிட்டுக் கேட்பேன். முதலில் குளிர்நீரில். அப்போதும் 'ம்ம்ம்' என்று முனகினால், தண்ணீரைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வைச் சந்தேகிப்பேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 தடவை இழுபட்டுத் தளரும். உள்ளே ஒரு மணல் துகள் சிக்கினாலும் முனகல் பெரிதாகும். விசில் சத்தம் என்றால், பாதி திறந்த வால்வு எங்கோ இருக்கிறது.

சுடுநீர் போட்ட பிறகே பொருமினால் சுண்ணாம்பு. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேட்ரின் ஏரியின் மென்னீர் ஓடும் கிளாஸ்கோவில் இந்தத் தொல்லை இல்லை. 9.5 கிலோவாட் ஷவர்கூட மாரி காலத்தில் நிமிடத்துக்கு நாலு லீட்டர் அளவில்தான் இதமான சூட்டில் தரும். பூவாளித் துளைகள் அடைத்து அந்த ஓட்டமும் குறைந்தால், கம்பிச் சுருளை ஒட்டிய நீர் கொதித்துக் குமிழி வெடிக்கும். பூவாளியை வினாகிரியில் ஊறவைத்தாலே பல வீடுகளில் சத்தம் பாதியாகும். சுருளில் படிந்துவிட்டால் சூடாக்கும் கலனையே மாற்ற வேண்டியதுதான்.

ஒரு சத்தத்தை மட்டும் அடக்கப் பார்க்கக் கூடாது: படபடவென்ற பொரியல். ஏறக்குறைய 40 ஆம்பியர் ஓடும் இணைப்பில் ஒரு திருகு தளர்ந்தால், பெட்டிக்குள்ளோ கூரையில் தொங்கும் கயிற்றுச் சுவிட்சிலோ அது பொரியும், கருகும். உடனே மெயினை நிறுத்துங்கள். அது தீயின் முன்னறிவிப்பு.

இனிச் சுவர். இங்கே குளியலறைத் தடுப்பு பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த 12.5 மில்லிமீட்டர் பிளாஸ்டர் பலகை, நடுவே வெற்றிடம். அதில் தொங்கும் பெட்டிக்கு அது வீணைக் குடம். பெட்டி வரும் இடத்தில் சட்டங்களுக்கிடையே கனமான குறுக்குக் கட்டை வைத்து, திருகுகளை அதில் இறுக்கினால் அதிர்வு வெகுவாக அடங்கும். வெற்றிடத்தில் கம்பளிப் பஞ்சு அடைக்கச் சொல்வார்கள். பஞ்சுக்குள் புதைந்த மின்கம்பி வெப்பத்தை வெளிவிட முடியாது. 10 சதுர மில்லிமீட்டர் கம்பியும் தன் சுமையைத் தாங்காமல் போகலாம். கம்பியைப் பஞ்சுக்கு வெளியே கொண்டுவர வழியில்லாவிட்டால் பஞ்சே வேண்டாம் என்பேன். செங்கற் சுவரில் மாட்டினால் சத்தம் குறையும், உண்மை. ஆனால் தொடர்வீடுகளில் அந்தச் செங்கற் சுவர் அயலாருக்கும் பொது. இரவு வேலை முடிந்து விடிய நாலு மணிக்குக் குளிப்பவர்கள் நம்மவரில் நிறையப் பேர். அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை தூங்கும். பொதுச் சுவரில் நான் மாட்டுவதில்லை.

குழாய்க்கும் அதே கவனம் வேண்டும். 15 மில்லிமீட்டர் செப்புக் குழாயைக் கிடையாக 1.2 மீட்டருக்கு ஒன்று, நிமிர்வாக 1.8 மீட்டருக்கு ஒன்று என்று கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். மரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் மரத்தோடு உரசாமல் நுரை உறை சுற்ற வேண்டும். நிறுத்தும்போது 'டொக்' என்று அடித்தால், ஷவருக்குப் போகும் குழாயில், பெட்டிக்குக் கிட்ட, அதிர்ச்சி தாங்கும் சிறு கலன் ஒன்று போதும்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரரை ஷவரை ஓடவிடச் சொல்லி, நான் பக்கத்துப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். குளியலறைக்குள் நின்றால் தண்ணீர் கொட்டும் ஓசை எல்லாவற்றையும் மறைத்துவிடும். படுக்கையறையில் இரைச்சல் கேட்டால் சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் நடுக்கம் கூடுதலோ, அங்கே ஒரு கிளிப் குறைகிறது.