ஊன்றுகோலும் பாய்மரமும்

இங்கிலாந்தின் தென்கரையிலே ஸௌதாம்ப்டன் என்னும் துறைமுகம் இருக்கிறது. டெஸ்ட், இச்சன் என்ற இரு நதிகள் அங்கே கடலைச் சேர்கின்றன. அத்துறையில் கடல்நீர் பெருகி நிற்கும் நேரம் மற்றத் துறைகளைக் காட்டிலும் நீண்டது. ஆதலால் பெருங் கப்பல்களுக்கு அது உகந்த இடமாயிற்று. 1912-ஆம் வருஷத்தில் டைட்டானிக் புறப்பட்டதும் இங்கிருந்துதான். அதன் துயரக் கதையைச் சொல்லும் சின்னங்களைப் பார்த்துவிட்டு யாத்திரிகர் பலர் திரும்பிவிடுகிறார்கள். நாமோ நேயர்களை ஆற்றின் அக்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

இச்சன் நதியின்மேல் 1977-இல் திறக்கப்பட்ட உயர்ந்த பாலத்தைக் கடந்தால் வுல்ஸ்டன் என்னும் பகுதி வரும். ஸ்பிட்பயர் விமானங்களைச் செய்த தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. 1940-இல் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் அது அழிந்தது. யுத்தக் கப்பல்களும் இக்கரையில் கட்டப்பட்டதுண்டு. அத்தகைய கரையிலே, 1990-களின் பிற்பகுதியில், யாரையும் அழிக்கும் நோக்கமில்லாத மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று உருவாயிற்று. கைதேர்ந்த தச்சர்களோடு கூடி உழைக்கத் தொண்டர்கள் பலர் வந்தார்கள். நல்ல உடல் வாய்ந்தோரும் உடற்குறையுற்றோரும் அங்கே அருகருகே நின்று மரத்தை இழைத்தார்கள். 2000-ஆம் வருஷத்தில் அக்கப்பல் நீரில் இறங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'டெனேஷியஸ்'. பிடித்த பிடியை விடாதது என்பது பொருள்.

இந்த முயற்சியின் மூலத்தை அறிய நாம் 1978-க்குச் செல்ல வேண்டும். கிறிஸ்டோபர் ரட் என்ற ஆசிரியர் உடற்குறையுள்ள குழந்தைகளுக்குப் படகோட்டக் கற்பித்து வந்தார். அவர்களைத் தனியே ஒதுக்கி வைக்காமல் மற்றவர்களோடு சேர்த்துக் கடலுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். எலிஸபெத் ராணியின் வெள்ளி விழா நிதியிலிருந்து உதவி கிடைத்தது. 'ஜூபிலி ஸெயிலிங் டிரஸ்ட்' என்ற தரும ஸ்தாபனம் தோன்றியது. அதன் முதற் கப்பல் 1986-இல் கடலோடத் தொடங்கியது. அதற்கு நெல்ஸன் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். அவர் நமக்கு உகந்த வீரரா என்பது வேறு விஷயம். ஆயினும் 1794-இல் வலக்கண்ணின் பார்வையையும், 1797-இல் வலக்கையையும் இழந்த பிறகே அவர் 1805-இல் டிரபால்கரில் வென்றார் என்பதை நினைத்தால், அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

அக்கப்பலின் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். மேல்தளத்தில் சக்கர நாற்காலி தடையின்றி உருண்டு செல்லலாம். கீழ்த்தளத்துக்கு இறங்க மின்தூக்கி உண்டு. கண் தெரியாதவர் சுக்கான் பிடிக்கும்போது திசைகாட்டி வாய்விட்டுத் திசையைச் சொல்லும். காது கேளாதவரை அபாய காலத்தில் எழுப்புவதற்கு அவர் படுக்கையே அதிரும். கைவலிமை குறைந்தவர் சிறு பிடி ஒன்றை அசைத்தே கப்பலைத் திருப்பலாம். பாய்மரத்தின் உயரத்தைக் காண விரும்பினால், சக்கர நாற்காலியோடு அவரைக் கப்பிக் கயிற்றால் தோழர்கள் மேலே ஏற்றுவார்கள்.

இவையெல்லாம் கருவிகள். கருவிகளைவிட நம் உள்ளத்தைக் கவர்ந்தது அங்கே நிலவிய முறைமை. நிரந்தர மாலுமிகள் சிலர் தவிர, பிரயாணத்துக்கு வருவோர் சுமார் நாற்பது பேர். அவர்களில் பாதிப் பேர் வரை உடற்குறையுள்ளவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. இருவரும் கட்டணம் செலுத்தியே வருகிறார்கள். இருவருக்கும் இரவுக் காவல் உண்டு. சமையற்கட்டில் முறை உண்டு. தளம் கழுவும் பணியும் உண்டு. ஆகவே அங்கே உபகாரி என்று ஒருவரும், உபகாரம் பெறுகிறவர் என்று மற்றொருவரும் இல்லை. குருடன் தோளில் முடவன் ஏறி வழிகாட்டிச் சென்ற பழங்கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அக்கதையை மெய்யாக நடத்திக் காட்டியது இக்கப்பல். அலை எழும்பும்போது முழு உடல் படைத்தவனும் கைப்பிடியைத் தேடுகிறான். கால் ஊன்ற முடியாதவரோ நாற்காலியில் உறுதியாக அமர்ந்து கயிற்றை இழுக்கிறார். யார் வலியர், யார் மெலியர் என்று கரையில் நாம் போட்ட கணக்கு கடலிலே செல்வதில்லை.

2012 முதல் 2014 வரை நெல்ஸன் கப்பல் உலகத்தையே சுற்றி வந்தது. மாலுமிகள் அஞ்சும் ஹார்ன் முனையையும் கடந்தது. ஆனால் காற்றையும் அலையையும் வென்ற கப்பலைக் கணக்குப் புத்தகம் வென்றுவிட்டது. பழைய கப்பலைப் பேணும் செலவு ஏற ஏற, 2019-இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பிரயாணங்கள் தடைப்பட்டன. 2023-ஆம் வருஷக் கடைசியில் பொருள் முட்டுப்பாட்டால் ஸ்தாபனமும் மூடப்படும் நிலைக்கு வந்தது. நாற்பத்தைந்து வருஷத்துத் தொண்டு இவ்வாறு முடிந்தது.

இது தோல்விதானா? சிறிய அளவில் இவ்வேலை இங்கிலாந்தின் ஏரிகளிலும் கரையோரங்களிலும் இன்றும் நடக்கிறது. எளிதில் கவிழாத சிறு படகுகளில் உடற்குறையுள்ளோரை ஏற்றி, அவர்கள் கையிலேயே சுக்கானைக் கொடுக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். எனினும், கரை மறைந்த நடுக்கடலிலே, நள்ளிரவிலே, ஐம்பது உயிர்களின் பாதுகாப்பை ஒரு கண்ணில்லாதவர் கையில் நம்பி ஒப்படைத்த அந்தப் பெருங் கப்பலின் காட்சி சிறு படகுகளில் கிட்டுமா?

நம் வீட்டுக் கூடத்தில், 'உனக்கேன் இந்தச் சிரமம்?' என்று அன்போடு சொல்லி ஒரு குழந்தையை மூலையிலேயே உட்கார வைக்கிறோம். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் அது அக்குழந்தையின் கையிலிருந்து கயிற்றைப் பறித்துவிடுகிறது. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குக் கப்பலும் வேண்டியதில்லை, கடலும் வேண்டியதில்லை.