எங்கள் கெப் ஏன் கொதித்தது?

வாப்பாவின் கெப் வண்டிக்கு என்னைவிட வயது கூட. 1990களில் வந்தது. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். சம்மாந்துறையிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் அரிசி ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும். திரும்பி வரும்போது மரக்கறியோடு வரும். எங்கள் வீட்டுச் சாப்பாடும் தாத்தாவின் படிப்புச் செலவும் எனது டியூஷன் காசும் அந்த வண்டியின் நான்கு சில்லுகளில்தான் ஓடுகின்றன. ஆகவே சென்ற வருடம் அது மலையில் கொதிக்கத் தொடங்கியபோது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது போலிருந்தது.

வாப்பா காட்டிய கராஜில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்: "ஹெட் கஸ்கட் போயிட்டுது. ஹெட்டைக் கழட்டோணும்."

எஞ்சினின் மேற்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கஸ்கட். டீசல் எரியும் அறையையும் தண்ணீர் ஓடும் வழியையும் எண்ணெய் ஓடும் வழியையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைத்திருப்பது அதுதான். தகட்டின் விலை பெரிதல்ல. அதை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்பதுதான் பெரிது. ஒன்றரை இலட்சமாவது தேவைப்படும் என்றார்கள். தாத்தாவுக்கென்று சேர்த்து வைத்த மாலையை அடகு வைப்பதாக அன்றிரவே உம்மாவும் வாப்பாவும் பேசி முடித்துவிட்டார்கள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவ ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் எஞ்சின் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் டிப்போ மாமா. நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பது அவருக்குத் தெரியும். வாப்பா விசயத்தைச் சொன்னபோது அவர் வண்டியைப் பார்க்கவே வரவில்லை. திண்ணையில் இருந்தபடியே, "எப்ப கொதிக்கிது?" என்று கேட்டார்.

"மலையில காக்கா."

"மலையில எண்டா? ஏறக்கையா, இறங்கக்கையா? பாரத்தோடயா, வெறும் வண்டியா? டவுனுக்குள்ள நிண்டா கொதிக்குதா?"

வாப்பாவிடம் சரியான பதில் இல்லை. இருபது வருடம் வண்டி ஓட்டுகிறவர்தான். ஆனால் முள் மேலே போனால் நிறுத்துவார், கீழே வந்தால் எடுப்பார். நடுவில் உள்ளதை யாரும் எழுதி வைப்பதில்லை. டிப்போ மாமா என்னைப் பார்த்து, "நீ கொப்பி எடு மகள்" என்றார்.

அவர் சொன்னதை இதை வாசிக்கும் வாப்பாமாருக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வண்டி நின்றால் கொதித்து, ஓடினால் ஆறுகிறதென்றால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். ஓட்டத்தில் காற்று தானாக வரும். நிற்கும்போது பேன்தான் இழுக்க வேண்டும். அப்போது பேன் பெல்ட்டையும், பேனின் நடுவில் இருக்கும் கப்ளிங்கையும் பார்க்க வேண்டும். நேரான வீதியில் வேகமாக நெடுநேரம் ஓடும்போது கொதித்தால் ரேடியேற்றர் அடைபட்டிருக்கலாம், அல்லது தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகி, ரேடியேற்றருக்குள் குமிழி விட்டு, தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தால் அப்போதுதான் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த நாள் சுபஹ் தொழுகைக்குப் பிறகு, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்த நேரத்தில், அந்தக் கடைசிச் சந்தேகத்தையே முதலில் பார்த்தோம். ரேடியேற்றர் மூடியைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினோம். உள்ளே அடைபட்டிருந்த காற்று இரண்டு மூன்று குமிழியாக வந்தது, அதோடு நின்றுவிட்டது. கஸ்கட் போயிருந்தால் விடாமல் வந்துகொண்டிருக்குமாம். எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தோம். கறுப்புத்தான், தண்ணீர் கலந்தால் பால் தேநீர் நிறத்துக்கு வரும். புகையிலும் வெள்ளை இல்லை. மாலையைப் பற்றிய பேச்சு அன்றைக்குத் தள்ளிப் போனது. முடியவில்லை, தள்ளித்தான் போனது.

மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டுமே திறக்கலாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது. வெளி அமுக்கத்துக்கு மேலாக அவ்வளவு அமுக்கத்தை அது உள்ளே பிடித்து வைக்கும். அந்த அமுக்கத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 118 பாகை வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அமுக்கம் திடீரென விழுந்து, 100 பாகைக்கு மேலிருக்கும் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகப் பீறிடும். அமுக்கம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று பரீட்சையில் எழுதுவோம். வீதியோரத்தில் அதே விதி முகத்தைச் சுட்டுவிடும்.

அந்தக் கிழமைப் பயணத்தில் காக்காவும் உதவிக்குப் போனார். ஒவ்வோர் ஊரிலும் முள் எங்கே நிற்கிறதென்று எழுதி வரச் சொன்னேன். அரிசிக் கடைப் பில்லின் பின்பக்கத்தில் அவர் எழுதியது இப்போதும் என் கொப்பியில் ஒட்டியிருக்கிறது. உகனை, கால். மகா ஓயா, கால். பதியத்தலாவை, கால். மகியங்கனை, கால்தான். ஹசலக்க தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கியதும் ஐந்தாவது வளைவில் அரை; ஒன்பதாவதில் முக்கால்; பன்னிரண்டாவதில் "நிப்பாட்டியாச்சி". ஆறிய பிறகு பார்த்தபோது தண்ணீர் குறையவில்லை. திரும்பி வருகையில் தெல்தெனியப் பக்கத்திலிருந்து உன்னஸ்கிரிய ஏறும்போது பாரம் குறைவு. முள் அரையைத் தாண்டவில்லை.

பாரத்தோடு ஏறும்போது மட்டும் என்பது தெளிவாகிவிட்டது. டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மற்றப் பங்கைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் ரேடியேற்றரில் இறக்க வேண்டும். மலையில் டீசல் அதிகம் எரிகிறது. வண்டியோ மெதுவாக ஊர்கிறது. முன்னால் காற்றும் குறைவு. மூன்றும் ஒன்றாகக் கூடும் இடம் அது. பேன் கப்ளிங்கைச் சூட்டோடு, எஞ்சினை நிறுத்திவிட்டு, வாப்பா கையால் சுற்றிப் பார்த்தார்; இறுக்கமாகவே இருந்தது. பெல்ட்டும் சரி.

டிப்போ மாமா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் விரலை வைத்தது பன்னிரண்டாவது வளைவில் அல்ல, மகியங்கனையில். "ஏன் இஞ்ச கால்ல நிக்கிது? மகியங்கனை வெயிலுக்குள்ள, அரிசி மூட்டையோட, அரைக்குக் கிட்டவெல்லாம் நிக்கோணும்?"

வாப்பாவுக்கு அது குறையாகவே பட்டதில்லை. குளிராக ஓடுவது நல்லதுதானே என்று நினைத்திருந்தார். நமது ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் குளிர்ந்த டீசல் எஞ்சின் எண்ணெயைக் கூடக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

மறுநாள் காலையில் மாமா எனக்கு ஒரு வேலை தந்தார். ஸ்டார்ட் பண்ணியதிலிருந்து மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பர்தாவையும் கையையும் பேனுக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. தேமோஸ்டற் வேலை செய்தால் ஹோஸ் நெடுநேரம் குளிராகவே இருந்து, பிறகு சட்டென்று சுடும். எங்களுடையது முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறியது. எஞ்சின் ஆறிய பின் தேமோஸ்டற் இருக்க வேண்டிய கூட்டை வாப்பா கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. காய்ந்த கஸ்கட் பசை மட்டும் இருந்தது.

வெப்ப நாட்டுக்கு இது எதற்கு என்று எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். சில எஞ்சின்களில் அப்படிச் செய்தாலும் பெரிதாகத் தெரியாது. எங்கள் எஞ்சினில் தேமோஸ்டற்றுக்கு இரண்டு வேலை. குளிராக இருக்கும்போது ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடும். சூடானதும் அதைத் திறந்து, தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும் குறுக்கு வழியைத் தன் அடித்தட்டால் மூடும். அது இல்லாதபோது இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். சமவெளியில் ரேடியேற்றருக்குப் போகும் பாதித் தண்ணீரே போதும், அதனால் முள் கால்வாசியில் நின்றது. மலையில் முழுத் தண்ணீரும் தேவை. ஒரு பகுதி சூட்டோடு குறுக்கு வழியால் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூடக் குளிர்வதும் கூடக் கொதிப்பதும் ஒரே காரணத்தால் வரலாம் என்று எனக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் வந்ததில்லை.

புதிய தேமோஸ்டற்றின் விலை, ஹெட் கழற்றும் செலவோடு வைத்துப் பார்த்தால், சொல்லும்படியானதல்ல. அதில் 82 என்று பொறித்திருந்தது. பூட்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்றார் மாமா. ஆசிரியையிடம் கேட்டு ஆய்வுகூட வெப்பமானியை வாங்கி வந்தேன். (கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அந்தக் கருவியைக் காக்கா கொண்டு வந்தார், அது மனிதக் காய்ச்சலுக்கு மேலே வாசிக்காது.) தேமோஸ்டற்றின் வால்வுக்குள் ஒரு நூலைச் செருகி, அது பிடித்துக்கொண்டதும், சட்டித் தண்ணீருக்குள் அடியில் முட்டாமல் தொங்கவிட்டோம். உள்ளே ஒரு வகை மெழுகு இருக்கிறது. உருகும்போது விரிந்து வால்வைத் தள்ளும். 80 பாகையில் அசையவில்லை. 83ஐத் தாண்டும்போது நூலை விட்டுவிட்டு "டொக்" என்று அடியில் விழுந்தது. 95இல் நன்றாகவே திறந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஆறும்போது தானாக மூடிக்கொண்டது. உம்மாவும் தாத்தாவும் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். "இந்தச் சட்டியில இனி கறி ஆக்க ஏலா" என்று மட்டும் உம்மா சொன்னா.

அடுத்த பயணத்தில் காக்கா எழுதிய பில் சுருக்கமானது. உகனையிலிருந்து மகியங்கனை வரை அரைக்குச் சற்றுக் கீழே. வளைவுகளில் அரையைத் தாண்டி ஒரு நூல். நிறுத்தவில்லை. உன்னஸ்கிரியவில் தேநீர்க் கடையிலிருந்து வாப்பா எடுத்தார். "மகள், ஏறிட்டம்" என்றார். தாத்தா பக்கத்தில்தான் நின்றா. போனை வாங்கித் தானும் ஒருமுறை கேட்டுக்கொண்டா.

வேலை இன்னும் மீதி இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேற்றரை மெல்லத் தடவிப் பார்த்தபோது கீழ்ப்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் சூடில்லாமல் இருந்தது. அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. இத்தனை வருடமும் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். எங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் அங்கேயும் படிந்திருக்கிறது. பெருநாள் முடிய ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவுவதாகவும், அதற்குப் பிறகு வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றுவதாகவும் வாப்பா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஹோஸ் கிளிப்புகளைக் கழற்றுவது நான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.